பல் நிறத்தில் போட்ட அடைப்பு ஏன் பழுப்பாகிறது, எத்தனை வருசம் நிற்கும்?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து வந்த கேள்வியின் சாரம் இது. மேல் முன்பற்கள் இரண்டுக்கு இடையிலும் கீழ்க் கடைவாய்ப் பல்லிலும் இரண்டு வருசத்துக்கு முன் பல் நிறத்தில் அடைத்திருக்கிறார்கள். முன்பல்லில் அடைப்பைச் சுற்றிப் பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது. கடைவாயில் அடைப்பே மொத்தமாக மஞ்சளாகிவிட்டது. ஒரு வைத்தியர் கழற்றிப் புதிதாகப் போடச் சொல்கிறார், இன்னொருவர் தொடவேண்டாம் என்கிறார். பிழை பொருளிலா, போட்ட விதத்திலா, குடிக்கிற தேத்தண்ணீரிலா? இப்படியான அடைப்பு எத்தனை வருசம் நிற்கவேண்டும்?

கழற்றும் முடிவை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நிறம் மாறிய அடைப்பு வேறு, பழுதாகிய அடைப்பு வேறு. பல் நிற அடைப்பைக் கழற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு: எது அடைப்பு, எது பல் என்று கண்ணால் பிரித்தறிவது கடினம். அதனால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகிறது, குழி பெரிதாகிறது. சின்ன அடைப்பு பெரிய அடைப்பாகி, பிறகு வேர்ச் சிகிச்சைக்கும் பல்லை மூடும் உறைக்கும் போவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். எனவே முதலில் பார்க்கவேண்டியது, பழுப்பு எங்கே இருக்கிறது என்பதைத்தான். மேலே படிந்ததா, ஓரத்தில் புகுந்ததா, அடைப்பின் உடம்பே மாறியதா? மூன்றுக்கும் காரணம் வேறு, பரிகாரமும் வேறு.

உங்கள் முன்பல்லில் இருப்பது ஓரத்துப் பழுப்பு. மூன்றிலும் அதிகம் பயமுறுத்துவது இதுதான். தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஓரத்தில் கோடு விழ நாலைந்து வழிகள் உண்டு, அவற்றில் ஒன்றுதான் சூத்தை.

மிகச் சாதாரணமான காரணம், அடைப்பு தன் எல்லையைத் தாண்டி வழிந்திருப்பது. அடைக்குமுன் பல்லின் மிளிரியை, அதாவது எனாமலை, 37 சதவீத பொஸ்போரிக் அமிலக் களியால் 15 முதல் 30 விநாடி வரை அரிக்கவைப்பார்கள். அப்போது அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாகும். பிசின் அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். 1955இல் மைக்கேல் புவனகோர் கண்டுபிடித்த முறை இது, இன்றைக்கும் எனாமல் ஒட்டுதலின் அடிப்படை இதுவே. அடைப்புக் களியை அழுத்தும்போது அரித்த இடத்தைத் தாண்டி அரிக்காத எனாமல் மேலும் ஒரு மெல்லிய ஏடு பரவும். அந்த ஏடு அங்கே படுத்திருக்கிறதே தவிரப் பிடித்திருக்கவில்லை. சில மாதங்களில் விளிம்பு உயர்ந்து, தேத்தண்ணீர்க் கறை அடியில் புகுந்து பழுப்புக் கோடாகத் தெரியும். உண்மையான அடைப்பு உள்ளே பத்திரமாக இருக்கும். இதற்குக் கழற்றல் தேவையே இல்லை. மெல்லிய பொலிஷ் டிஸ்க்காலோ பன்னிரண்டு வெட்டுள்ள காபைட் பர் என்ற சுழல் முனையாலோ அந்த ஏட்டைச் சீவி, பொலிஷ் பண்ணினால் கோடு மறைந்துவிடும். பத்து நிமிட வேலை, பெரும்பாலும் விறைப்பு ஊசிகூட வேண்டியதில்லை.

இரண்டாவது வழி சுருக்கம். பல் நிற அடைப்புக்குப் பாவிக்கும் கொம்பசிற் என்ற களி இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். நாலு பக்கச் சுவரிலும் ஒட்டிக்கொண்டே சுருங்குவதால் சுவரை இழுக்கும். ஒட்டு வலுவாக இருந்தால் எனாமலின் விளிம்பில் நுண்வெடிப்பு விழும், போட்ட அன்றைக்கே ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒட்டு மெலிந்திருந்தால் ஒட்டே விட்டு இடைவெளி வரும். இரண்டிலும் ஒரு வருசம், இரண்டு வருசத்தில் கறை ஏறும். தண்ணீர் விடாமல் வேகமாக அரைத்துச் சீர்செய்தாலும் அந்த வெள்ளைக் கோடு வரும். ஆகவே போட்ட அன்று வெள்ளைக் கோடு தெரிந்ததா என்று நினைவிருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அது நல்ல தடயம்.

மூன்றாவது, ஒட்டும் நேரத்தில் பட்ட ஈரம். அரித்துக் கழுவிக் காற்றடித்த எனாமல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி மங்கலான வெள்ளையாகத் தெரியவேண்டும். அதன்மேல் ஒரு விநாடி எச்சில் பட்டாலும் நுண்குழிகள் அடைபட்டுப் போகும். அப்படி நடந்தால் கழுவிவிட்டு மறுபடி சிறிது நேரம் அரிக்கவைக்க வேண்டும். வெறுமனே காற்றடித்துக் காயவைத்தால் போதாது. முரசை ஒட்டிய ஓரங்களில் இரத்தமும் முரசு நீரும் சேரும். அங்கே எனாமல் மெலிவு, சில இடங்களில் இல்லவே இல்லை. ஓரப் பழுப்பு பெரும்பாலும் முரசுப் பக்கம் முதலில் தொடங்குவது இதனால்தான். இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. இரத்தத்தை நிறுத்த இரும்புச் சத்துள்ள பெரிக் சல்பேட் மருந்து வைத்து, அதைச் சரியாகக் கழுவாமல் அடைத்தால், ஓரத்தில் கறுப்பும் பழுப்பும் கலந்த நிழல் விழும். அது தேத்தண்ணீரும் இல்லை, சூத்தையும் இல்லை.

கடைசியாக, உண்மையிலேயே மீண்டும் சூத்தை வந்திருப்பது. இதை நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. மெல்லிய கோடாக, வழவழப்பாக, கருவி சிக்காமல் இருந்தால் அது கறை. கோட்டின் அடியில் பல்லே சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ நிழல் காட்டினால், கருவிக்கு ஓரம் மென்மையாகப் பட்டால், இடைவெளி கண்ணுக்கே தெரிந்தால், எக்ஸ்றேயில் அடைப்பின் கீழே கறுப்பு நிழல் விழுந்தால், அது சூத்தை. வீட்டிலேயே பார்க்கக்கூடிய அறிகுறிகளும் உண்டு. பல் நூலை இடையில் விட்டு இழுக்கும்போது ஒரே இடத்தில் சிக்கி நார் நாராகப் பிரிகிறதா? சோறோ இறைச்சித் துணுக்கோ ஒரே இடத்தில் அடைபடுகிறதா? இனிப்புப் பட்டால் சுள்ளென்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அவசரம் இல்லை.

இப்போது கடைவாய். அடைப்பு மொத்தமாக மஞ்சளாவதற்கு இரண்டு வகை உண்டு: மேல்தோல் மட்டும் கறை பிடித்தது, உள்ளே வரை மாறியது. எது என்று அறிய வழி எளிது. வைத்தியர் பியூமிஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து றப்பர் கோப்பையால் தேய்த்துப் பார்க்கட்டும். போய்விட்டால் படிவு. போகாவிட்டால் நடுத்தர டிஸ்க்கால் மேல்தோலை மிகக் கொஞ்சமாகச் சீவிப் பார்க்கட்டும். அடியில் பழைய நிறம் தெரிந்தால் மேல்தோல் கறை மட்டுமே, பொலிஷோடு முடிந்தது. சீவியும் அதே மஞ்சள் என்றால் பொருளின் உடம்பே மாறியிருக்கிறது.

உடம்பு ஏன் மாறுகிறது என்பதற்கு அந்தப் பொருள் எதனால் ஆனது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். கொம்பசிற் என்பது கண்ணாடித் தூளைப் பிசினில் குழைத்த களி. ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசின்தான் இன்றும் பல வகைகளுக்கு அடிப்படை. எடையில் பார்த்தால் பெரும்பகுதி தூள்தான், அதற்கு நிறம் ஏறாது. நிறம் ஏறுவது பிசினுக்கு. பிசினை இறுகவைக்க அதில் கம்பர்குயினோன் என்ற மஞ்சள் நிறப் பொருள் சேர்த்திருக்கும். 468 நானோமீற்றர் அளவிலான நீல ஒளி பட்டதும் அது வேலை தொடங்கும், வேலை முடியும்போது மஞ்சளும் வெளுக்கும். ஒளி போதாவிட்டால் இரண்டு கெடுதல். வெளுக்காத மஞ்சள் உள்ளே மிஞ்சும். அரைகுறையாக இறுகிய பிசின் பஞ்சு மாதிரித் தண்ணீரை உறிஞ்சி, தண்ணீரோடு தேயிலைச் சாயத்தையும் கறி மஞ்சளின் குர்குமின் சாயத்தையும் உள்ளே இழுக்கும். ஒளியோடு சேர்ந்து வேலைசெய்யும் அமீன் சேர்மங்களும் காலப்போக்கில் ஒட்சியேற்றம் அடைந்து பழுப்பாகும். இது எல்லா கொம்பசிற்றிலும் மெதுவாக நடப்பது, சரியாக இறுகாததில் சீக்கிரம் நடப்பது. இரண்டு வருசத்தில் உள்ளேவரை மஞ்சளான கடைவாய் அடைப்பு என்றால், முதலில் நான் சந்தேகப்படுவது ஒளியைத்தான்.

ஏன் கடைவாயில்? இந்த நீல ஒளியைத் தரும் விளக்கின் நுனி அங்கே நேராகப் போய்ச் சேராது. வாய் போதிய அளவு திறக்காது, குழி ஆழம், நுனி ஏழெட்டு மில்லிமீற்றர் தள்ளி நிற்கும். அந்தத் தூரத்தில் பல விளக்குகளின் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 1000 மில்லிவாற் தரும் எல்.ஈ.டி விளக்கை 20 விநாடி பிடித்தால் 20 யூல் சக்தி சேரும். சாதாரண 2 மில்லிமீற்றர் அடுக்குக்கு அது போதும். அதே விளக்கு தூரத்தாலோ, நுனியில் ஒட்டி உறைந்த பழைய பிசினாலோ, தளர்ந்த பற்றரியாலோ 400க்கு இறங்கினால் 20 விநாடியில் வருவது 8 யூல்தான். மேற்பரப்பு அப்போதும் கல்லுமாதிரி இருக்கும், கருவியால் தட்டினால் டக்டக் என்று கேட்கும். அடி மட்டும் மென்மையாக இருக்கும். மேலே தட்டிப் பார்த்து அடி இறுகிவிட்டது என்று நம்புவது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய ஏமாற்றம். கடைவாய்க்கு ஒவ்வொரு அடுக்குக்கும் கூடுதலாக ஒரு 20 விநாடி பிடிப்பது, முடித்தபின் கன்னப் பக்கமிருந்தும் நாக்குப் பக்கமிருந்தும் பிடிப்பது, விளக்கை அளவுமானியால் ஒழுங்காகச் சோதிப்பது: மூன்றும் மலிவான காப்புகள். தொடர்ந்து ஒளி பிடிக்கும்போது பல் சூடேறும் என்பதால் இடையில் சில விநாடி விடவேண்டும், அல்லது காற்று ஊதவேண்டும்.

ஒரே தடவையில் 4 மில்லிமீற்றர் வரை போடக்கூடிய ‘பல்க் ஃபில்’ வகைகள் உண்டு. அவை ஒளி ஊடுருவ வசதியாகக் கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடு செய்யப்படுபவை. சாதாரண வகையை அந்தக் கனத்தில் போட்டால் அடி இறுகாது. கறுத்த, ஒளி புகாத நிறங்களும் அப்படியே. மெல்லிய அடுக்கும் நீண்ட நேரமும் கேட்கும்.

இன்னொரு காரணம் வெளியே தெரியாது, ஆனால் நிற மாற்றத்தில் பெரிய பங்கு அதற்கு உண்டு. காற்றில் உள்ள ஒட்சிசன் பிசின் இறுகுவதைத் தடுக்கும். அதனால் கடைசி அடுக்கின் மேலே ஒட்டும் தன்மையுள்ள ஒரு மெல்லிய படலம் எப்போதும் மிஞ்சும். அதைச் சீவி எடுத்துப் பொலிஷ் பண்ணாமல் விட்டால் அந்தப் படலம்தான் முதலில் மஞ்சளாகும். பிளாஸ்ரிக் பட்டியை அழுத்திப் பிடித்து இறுகவைத்த பரப்பு கண்ணாடிபோல் மினுங்கும், அதைப் பார்த்து ‘பொலிஷ் வேண்டாம்’ என்று விட்டுவிடுவதும் உண்டு. அந்த மினுக்கம் முழுக்கப் பிசின், தூள் குறைவு. அதற்குத்தான் கறை நன்றாகப் பிடிக்கும். சரியான வழி: கடைசி அடுக்கின்மேல் கிளிசரின் களி பூசி, காற்றை மறைத்து இன்னொரு 20 விநாடி ஒளி பிடிப்பது. பிறகு கரடான டிஸ்க்கில் தொடங்கி நடுத்தரம், மென்மை, மிகமென்மை என்று வரிசை தவறாமல் போவது, ஒவ்வொரு படிக்கும் இடையில் தண்ணீர் அடித்துத் தூளைக் கழுவுவது. ஒரு படியைத் தாண்டினால் அந்தப் படியின் கீறல்கள் அப்படியே நிற்கும். பரப்பின் கரடு 0.2 மைக்ரோமீற்றரைத் தாண்டினால் பல் அழுக்கு பிடிப்பது கூடுகிறது. அழுக்கு பிடித்தால் கறையும் பிடிக்கும், ஓரத்தில் சூத்தையும் பிடிக்கும்.

தேத்தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குற்றம் அதற்கும் உண்டு, ஆனால் அது துணைக் குற்றவாளி. நன்றாக இறுகி நன்றாகப் பொலிஷ் ஆன கொம்பசிற்றில் பிளேன்ரீக் கறை மேலே படியும், பொலிஷில் போகும். இறுகாததில் உள்ளே இறங்கும். பால் சேர்த்த தேத்தண்ணீர் குறைவாகத்தான் கறைப்படுத்தும், பாலின் கேசின் புரதம் தேயிலையின் தனினைப் பிடித்துவைப்பதால். கோப்பியும் மஞ்சள் போட்ட கறியும் கறைப்படுத்துபவையே. ஒரு நாளில் எத்தனை தரம், வாயில் எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம். ஒரு குவளையைப் பத்து நிமிடத்தில் குடித்து வாய் கொப்பளிப்பவருக்கும், காலை முழுக்கச் சீனிக் கட்டியைக் கடித்துக்கொண்டு சிறிது சிறிதாகப் பிளேன்ரீ உறிஞ்சுபவருக்கும் நிறைய வேறுபாடு. பின்னவருக்குக் கறை சின்னப் பிரச்சினை, ஓரச் சூத்தைதான் பெரிய பிரச்சினை. போட்டு முதல் ஒரு நாள் கொம்பசிற் உள்ளே இன்னும் இறுகிக்கொண்டும் நீரை உறிஞ்சிக்கொண்டும் இருக்கும். அந்த 24 மணி நேரம் சாயம் உள்ளவற்றைத் தவிர்த்தால் நல்லது.

வெற்றிலை போடும் பழக்கம் வீட்டில் யாருக்கும் இருந்தால் அவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள். செம்பழுப்புக் கறை ஒருபுறம். அதைவிட, பாக்கின் கடினம் அடைப்பின் மேற்பரப்பை அரைத்து விளிம்புகளை உடைக்கிறது. பாக்கு மட்டுமே, புகையிலை சேராவிட்டாலும், வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமானது. அடைப்பின் நிறத்துக்காகக் காட்டப்போன இடத்தில் கன்னத்தின் உட்புறத்தையும் ஒருமுறை காட்டிவிட்டு வரவேண்டும்.

குளோர்எக்சிடின் வாய் கழுவும் மருந்தும் பழுப்புக் கறை கொடுக்கும், பிளேன்ரீயும் சேர்ந்தால் விரைவாக. வைத்தியர் இரண்டு கிழமைக்கு என்று எழுதியதை மாதக்கணக்கில் பாவிப்பவர்களுக்குத்தான் அது அதிகம். மதுசாரம் கலந்த கழுவல்கள் பிசினை மென்மையாக்கும். உமிக்கரி, சாம்பல், கரித் தூள் சேர்ந்த பற்பசை எல்லாம் பொலிஷை அழித்து அடைப்பைச் சொரசொரப்பாக்கும். கறையை எடுக்கத் தேய்ப்பார்கள், மறுகிழமை இரண்டு மடங்காகப் பிடிக்கும். மென்மையான பிறஷ்ஷும் சாதாரண புளோரைட் பற்பசையும் போதும். பல்லை வெளுக்கவைக்கும் ஜெல் அடைப்பின் சொந்த நிறத்தை வெளுக்காது. பல் வெளுத்து அடைப்பு தனியாகத் தெரியும். வெளுக்கவைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, ஒன்றிரண்டு கிழமை விட்டுத்தான் புது அடைப்பு போடவேண்டும். வெளுத்த உடனே போட்டால் பல்லில் மிஞ்சிய ஒட்சிசன் ஒட்டைக் கெடுக்கும்.

உங்கள் அடைப்பு உண்மையில் கொம்பசிற்தானா என்பதையும் கேளுங்கள். ‘வெள்ளை அடைப்பு’ என்று சொல்வதில் இன்னொரு பொருளும் அடங்கும்: கிளாஸ் அயனமர் சீமெந்து. இலண்டனில் அலன் வில்சனும் பிரையன் கெண்டும் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் வெளிவந்தது. புளோரோ-அலுமினோசிலிக்கேற் கண்ணாடித் தூளும் பொலியக்ரிலிக் அமிலமும் சேர்ந்தது. பல்லோடு இரசாயன முறையில் தானே ஒட்டும், புளோரைட் விடும், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சமாளிக்கும். பிள்ளைகளின் பாற்பற்களுக்கும், பிறஷ் தேய்த்துத் தேய்ந்த பல் கழுத்துக்கும், சூத்தை அதிகம் வருகிறவர்களுக்கும் இது நல்ல தெரிவு. ஆனால் கடிபடும் பரப்பில் தேயும், இரண்டு பற்களுக்கு இடையில் வரும் பெரிய குழியில் உடையும், அழகிலும் கொம்பசிற்றுக்கு ஈடில்லை. பிசின் கலந்த கிளாஸ் அயனமர் வலுவில் மேல், போட்ட அன்று நிறமும் நன்றாக இருக்கும். ஆனால் அதில் உள்ள ஹேமா என்ற பிசின் தண்ணீர் விரும்பி; ஆகவே சில வருசத்தில் மஞ்சளாவது கொம்பசிற்றைவிட அதிகம்.

கிளாஸ் அயனமர் கெடும் விதம் மேசன் வேலை தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். பூசிய சுவர் வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கிறது, மழை பட்டால் கரைந்துபோகிறது. அதேதான் இங்கும். முதல் நிமிடங்களில் தண்ணீர் பட்டால் மேற்பரப்பு கரைந்து சுண்ணாம்பாகும். காய்ந்தால் நுண்வெடிப்பு விழும், அந்த வெடிப்பில் சாயம் ஏறிப் பழுப்பு வலைபோலத் தெரியும். அதனால்தான் போட்ட உடனே வார்னிஷோ வாசலினோ பூசுகிறார்கள். ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருங்கள், அன்று முழுக்க அந்தப் பக்கம் கடிக்காமல் இருங்கள் என்பதும் அதற்காகவே.

திருகோணமலையின் வெக்கையும் ஈரக் காற்றும் இதில் நேரடியாக விளையாடுகின்றன. கிளாஸ் அயனமர் சூட்டில் வேகமாக இறுகும். 23 பாகையில் இரண்டு நிமிடம் கிடைக்கும் வேலை நேரம், ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் குளிரூட்டி இல்லாத அறையில் வெகுவாகச் சுருங்கும். களி மினுக்கத்தோடு இருக்கும்போது பல்லில் வைத்தால்தான் ஒட்டும். மினுக்கம் போனபின் வைத்தது குழியில் இருக்கும், பல்லைப் பிடித்திருக்காது. நேரத்தை நீட்ட, கண்ணாடிப் பலகையைக் குளிரூட்டிக் குழைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் கடற்கரை ஊரின் காற்றில் குளிர்ந்த கண்ணாடியில் உடனே பனித்துளி பூக்கும். துடைக்காமல் குழைத்தால் அந்தத் தண்ணீரும் சீமெந்தில் சேர்ந்துவிடும், விகிதம் கெட்டு அடைப்பு பலவீனமாகும். துடைத்த பலகை, போத்தலைக் கவிழ்த்து நேராகப் பிடித்து விட்ட ஒரு சொட்டு, தட்டி மட்டமாக வழித்த ஒரு கரண்டித் தூள்: இந்த அளவில் கைக்கணக்கு வேலை செய்யாது. தூள் குறைந்தால் குழைக்க இலகு, ஆனால் தேய்வும் கரைவும் கூடும்.

கொம்பசிற் சிரிஞ்சுகளைப் பொதுவாக 25 பாகைக்குக் கீழே வைக்கச் சொல்லிப் பெட்டியிலேயே எழுதியிருக்கும். கரண்ட் போன அறையில் நாட்கணக்கில் கிடந்தது விரைவாகப் பழுதாகும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்ததும் உடனே பாவித்தாலும் பிழைதான்: களி விறைப்பாக இருந்து மூலைகளில் படியாது, காற்றுக்குமிழ் அகப்படும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவைக்க வேண்டும். பொண்டிங் என்ற ஒட்டுத் திரவத்தின் கதை இன்னும் நுட்பம். அதில் உள்ள எதனோலோ அசற்றோனோ ஆவியாகிப் பறக்கும். மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால், அந்தப் போத்தலின் கடைசிப் பாதி முதல் பாதி மாதிரி ஒட்டாது. பாவிக்கும்போதும் 20 விநாடி தேய்த்து, திரவம் அலையாமல் நிற்கும் வரை மெதுவாகக் காற்றூதி, பிறகுதான் ஒளி. காற்றூதாமல் தேங்கிய பொண்டிங், ஓரத்தில் தடித்த பிசின் வரம்பாக நிற்கும். இரண்டு வருசத்தில் அதுவும் ஒரு பழுப்புக் கோடு.

எத்தனை வருசம் என்ற கேள்விக்கு வருகிறேன். கடைவாய் கொம்பசிற்றை நீண்டகாலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் வருசத்துக்கு 1 முதல் 3 சதவீதம் வரை தோல்வியடைவதாகத் தெரிகிறது. அப்படியென்றால் பத்து வருசம் கழித்தும் பெரும்பாலானவை வாயில் இருக்கும். இரண்டு வருசத்தில் மாற்றவேண்டியது இயல்பு என்று யாராவது சொன்னால் ஏற்கவேண்டாம். ஆனால் எல்லா வாய்க்கும் ஒரே கணக்கு இல்லை. அடைப்பு மூடும் பல் முகங்களில் ஒன்று கூடும்போதெல்லாம் தோல்வி வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் கூடுகிறது. சூத்தை அடிக்கடி வருகிறவர், இரவில் பல் கடிக்கிறவர், வேர்ச் சிகிச்சை செய்த பல் எல்லாம் இன்னும் பாதகம். கடைவாயில் தோல்விக்கு முக்கிய காரணங்கள் இரண்டே: மறுபடி சூத்தை, உடைவு. நிறம் அங்கே காரணமாகவே வரக்கூடாது. முன்பல்லில் நிறத்துக்காக மாற்றுவது நியாயமானதே, சிரிக்கத் தயங்கும் ஒருவருக்கு அது சின்ன விசயமில்லை. அங்கேயும் முதலில் பொலிஷ், பிறகு பழுதுபார்த்தல், கடைசியில்தான் மாற்றல்.

பழுதுபார்த்தல் என்றால் ஓரத்தில் ஒட்டவைத்து மறைப்பது இல்லை. பழுப்பான இடத்தை மட்டும் சின்னப் பர்ரால் சுத்தமான எனாமல் தெரியும் வரை திறப்பது, பழைய கொம்பசிற்றின் வெட்டுமுகத்தை டயமண்ட் பர்ராலோ 50 மைக்ரோன் அலுமினாத் தூள் வீச்சாலோ சொரசொரப்பாக்குவது, அமிலத்தால் சுத்தம் செய்வது, பழைய அடைப்பின்மேல் சைலேன் என்ற இணைப்புத் திரவம் பூசுவது, பொண்டிங், ஒளி, புதுக் களி. பழைய கொம்பசிற்றில் புதியது இரசாயன முறையில் அவ்வளவாகப் பிடிக்காது, ஆகவே சொரசொரப்பாக்குவதுதான் இதில் உயிர். இதைச் செய்து திறக்கும்போது சூத்தை ஓடியிருப்பது தெரிந்தால் அப்போது முழுதாகக் கழற்றலாம். அந்த வரிசையில் போனால் தேவையில்லாமல் எதையும் இழக்கமாட்டீர்கள். முழுதாகக் கழற்றும்போது 395 முதல் 405 நானோமீற்றர் வரையான ஊதா ஒளி ரோச்சைப் பிடித்தால் பல கொம்பசிற்கள் பல்லைவிடப் பிரகாசமாக ஒளிரும், பல்லைத் தொடாமல் எடுக்க அது உதவும். கண்ணை நேரே காட்டாமல், செம்மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு.

ஒன்று கவனியுங்கள்: பழுப்பாகத் தெரிவது அடைப்பே இல்லாமலும் இருக்கலாம். முன்பல் விழுந்து அடிபட்டதோ வேர்ச் சிகிச்சை செய்ததோ என்றால் பல் உள்ளிருந்தே கறுக்கும். எத்தனை அடைப்பு மாற்றினாலும் நிழல் போகாது, உள்ளிருந்து வெளுக்கவைக்க வேண்டும். கடைவாயில் முன்பு வெள்ளி அடைப்பு இருந்து பிறகு வெள்ளையாக மாற்றியிருந்தால், அதன் உலோகக் கறை எனாமலுக்கு உள்ளே இருக்கும் பன்முதல் என்ற பல் திசுவில் ஊறியிருக்கும். அது சாம்பலாகத் தெரியும், சூத்தை இல்லை. வடமத்திய மாகாணத்துப் பக்கம் புளோரைட் கூடிய கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்பும் முளைக்கும்போதே இருக்கும். அப்படியான எனாமல் அமிலத்துக்கு இலகுவில் அரிக்காது, கூடுதல் நேரம் தேவைப்படும். சொல்லாவிட்டால் வைத்தியருக்கு ஒட்டு ஏன் விடுகிறது என்று விளங்காமல் போகலாம்.

ஆகவே உங்கள் விசயத்தில் நான் செய்யச் சொல்வது: கடைவாயைப் பொறுத்தவரை இடைப்பல் தெரியும் கடி எக்ஸ்றே ஒன்று எடுத்துப் பாருங்கள். அடியில் நிழல் இல்லை, விளிம்பு உடையவில்லை, சாப்பாடு அடைபடவில்லை என்றால் மஞ்சளாகவே இருக்கட்டும். ஆறு மாதத்தில் ஒருமுறை காட்டுங்கள். அடி இறுகாத அடைப்பானால் விளிம்பு தேய்வதும் உடைவதும் அந்த இடைவெளியில் தெரிந்துவிடும், அப்போது மாற்றலாம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் பல் பிரிவானாலும் தனியார் இடமானாலும், பார்ப்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த பல் வைத்தியர்தானா என்பதை மட்டும் உறுதிப்படுத்துங்கள். முன்பல்லுக்கு முதலில் ஏட்டைச் சீவிப் பொலிஷ் பண்ணச் சொல்லுங்கள். கோடு அதோடு போனால் வேலை முடிந்தது.

போகாமல், புதிதாகத்தான் போடவேண்டும் என்றானால் பகல் வெளிச்சத்தில் நேரம் எடுங்கள், உதட்டுச் சாயம் பூசாமல் போங்கள். நிறம் பார்ப்பது வேலையின் முதல் காரியமாக இருக்கவேண்டும், பல் காயுமுன்னே. வாய் திறந்து பத்து நிமிடம் ஆனால் பல் நீர் இழந்து வெளுத்துவிடும், அந்த நேரம் தெரிவுசெய்த நிறம் மறுநாள் பொருந்தாது. அட்டவணைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், தெரிவுசெய்த களியில் ஒரு பொட்டு எடுத்து ஒட்டுத் திரவம் இல்லாமல் பல்மேல் வைத்து, ஒளி காட்டி இறுகவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இறுகும்போது நிறம் மாறும் என்பதால் அதுதான் உண்மையான சோதனை. பார்த்தபின் அது இலகுவாகக் கழன்றுவிடும். வேலை முடிந்த அன்று கண்ணாடியில் அடைப்பு பல்லைவிட மங்கலாகத் தெரிந்தால் பதறவேண்டாம். பல் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாளில் பல் நீர் ஊறித் தன் நிறத்துக்கு வந்துவிடும். மூன்றாம் நாளும் பொருந்தாவிட்டால் திரும்பிப் போய்க் காட்டுங்கள்.